நெக்கார் கரையில் ஒரு செமஸ்டர்: நெல்லை மாணவிக்கு ஒரு ஜெர்மன் ஊர் சொல்லிக்கொடுத்த பாடம்

ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கும் டியூபிங்கன், ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இங்கே படிக்கும் மாணவர்கள் மட்டும் 27 ஆயிரத்துக்கு மேல். பேருந்தில், பேக்கரியில், ஆற்றங்கரைச் சுவரில் என எங்கே திரும்பினாலும் முதுகுப்பையோடு ஒரு மாணவர் கண்ணில் படுவார். நடுவே நெக்கார் ஆறு ஓடுகிறது. கரையில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சாய்கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர் என்பதால், பல நூற்றாண்டுப் பழைய தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

இங்குள்ள பல்கலைக்கழகத்தை 1477-ல் தொடங்கியவர் எபர்ஹார்ட் என்ற பிரபு. அவருடைய குறிக்கோள் வாசகம் லத்தீனில் ஒரே ஒரு சொல்: 'அட்டெம்ப்டோ'. துணிகிறேன் என்று அர்த்தம். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர் இங்கே படித்தவர். தத்துவஞானி ஹெகலும் படித்தவர்.

2024 அக்டோபரில் இந்த ஊருக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போனார், திருநெல்வேலியைச் சேர்ந்த 22 வயது பயோடெக்னாலஜி முதுகலை மாணவி ஒருவர். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவர்தான்.

14 பவுன்

இரண்டு கல்வி நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால், பரிமாற்ற மாணவர்கள் அங்கே கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. டியூபிங்கன் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மற்ற மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். அது இவருக்கு இல்லை.

ஆனாலும் விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்கே சாப்பிட, தங்கப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். அதற்குத்தான் 'பிளாக்டு அக்கவுன்ட்'. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் அதில் பணம் போட்டாக வேண்டும். போட்டது நம் பணமே என்றாலும் மாதம் 992-க்கு மேல் எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டியது.

அப்பாவுக்கு பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை. அம்மாவின் 14 பவுன் வங்கிக்குப் போனது. "படிச்சிட்டு வாளா, நகை எங்க போவுது" என்றாராம் அம்மா. நகை எங்கும் போகாது, வட்டிதான் ஓடும் என்பது மகளுக்குத் தெரியும். விமானத்தில் அவர் கைப்பையில் இருந்த சின்ன நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது அந்த வட்டிக் கணக்கு.

இன்னொரு கணக்கும் இருந்தது. அங்கே 20 கிரெடிட் எடுத்து வந்தால் அதை இங்கே சேர்த்துக்கொள்வதாக நெல்லைக் கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. குறைந்தால் அடுத்த வருடம் அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

ஞாயிறு என்றால் ஞாயிறுதான்

போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. காலையில் பால் வாங்கலாம் என்று கிளம்பியவருக்குத் தெருவே மூடிக்கிடந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்கக் கூடாது என்பது சட்டம். பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடை, சில மணி நேரம் பேக்கரி, அவ்வளவுதான். முதல் ஞாயிறு, அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்திலும் முறுக்கிலும் கழிந்தது.

வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்தடுத்த வேலைகள் நகராது. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

டியூபிங்கனுக்கென்றே ஒரு விதியும் உண்டு. வாங்கிக்கொண்டு போகும் காபி, சாப்பாட்டின் தூக்கி எறியும் கப்புக்கும் டப்பாவுக்கும் 2022 முதல் 50 சென்ட் வரி. தூக்கி எறியும் ஸ்பூன், முள்கரண்டிக்கு 20 சென்ட். வரி போடுவது கடைக்கு என்றாலும் விலையில் வந்துவிடும். இதை எதிர்த்த வழக்கு நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில், வரி செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது மாணவி ஊரில்தான் இருந்தார். அதற்குள் அவர் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். காபிக் கடையில் அதை நீட்டினால் யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் முன்கூட்டியே டியூபிங்கன்காரர்.

வகுப்பில் வேறு அதிசயங்கள். அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தது. பத்துக்குப் போனால் அறையில் ஈ, காக்கா இல்லை. அந்த இரண்டு எழுத்துக்கு, கால் மணி நேரம் கழித்து என்று பொருள். 10.15-க்கு எல்லோரும் டாணென்று வந்து உட்கார்ந்தார்கள். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஒரே நேரத்தில் மேஜையை முட்டியால் தட்ட, பேராசிரியர் மேல் ஏதோ கோபம் என்று பயந்துவிட்டார். கைதட்டலுக்குப் பதில் மேஜை தட்டுவது ஜெர்மன் வகுப்பறைகளின் பழக்கம்.

வீட்டுக்காரம்மாவின் ஜெர்மன்

டியூபிங்கனில் வாடகைக்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. மாணவர் விடுதியில் இடமில்லாமல், லுஸ்ட்னாவ் என்ற பகுதியில் 74 வயது அம்மா ஒருவரின் வீட்டு மாடி அறை கிடைத்தது. மாதம் 340 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கு 120-க்கு மேல். மீதியில்தான் சாப்பாடும் பஸ்ஸும்.

ஊரிலேயே ஒரு வருடம் ஜெர்மன் படித்துப் பரீட்சையும் தேறியிருந்தார். வீட்டுக்காரம்மா வாயைத் திறந்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. அந்தப் பகுதியின் வட்டார வழக்கு ஸ்வேபிய ஜெர்மன். 'கொஞ்சம்' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் 'பிஸ்ஷன்'. அந்த அம்மாவுக்கு 'பிஸ்லெ'. வீடு 'ஹவுஸ்' என்று படித்தால் அவர் 'ஹெய்ஸ்லெ' என்கிறார். ஜாம் பாட்டிலைக் காட்டி 'க்ஸெல்ட்ஸ்' என்கிறார். இந்தச் சொல்லைப் புத்தகத்தில் தேடித் தேடி ஓய்ந்தார்.

இதில் ஒரு ஆறுதலும் இருந்தது. இலக்கணத் தமிழ் படித்துவிட்டு நெல்லைக்கு வரும் வெளிநாட்டுக்காரர், "என்னளா, சோலி முடிஞ்சுதா?" என்று கேட்டால் எப்படி முழிப்பார்? அப்படித்தான் தானும் முழிக்கிறோம் என்று புரிந்தபோது சிரிப்பு வந்ததாம்.

ஸ்வேபியர்கள் சுத்தத்துக்கும் சிக்கனத்துக்கும் பேர் போனவர்கள். அவர்கள் ஊர்ப் பழக்கம் 'கேர்வோஹெ'. பெருக்கும் வாரம் என்று சொல்லலாம். வீட்டில் குடியிருப்பவர்கள் முறைவைத்து மாடிப்படியையும் வாசலையும் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். மாணவியின் கதவிலும் தொங்கியது. தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டுப் பெண்ணுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. கோலம் போடலாமா என்று மட்டும் கேட்கவில்லை.

உண்மையில் அவர் எதையுமே கேட்கவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

நாலரை மணிக்கு இருட்டு

அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இந்தியாவோடு இருந்த மூன்றரை மணி நேர இடைவெளி நாலரை ஆனது. வகுப்பு முடிந்து இவர் போன் போடும்போது அம்மா தூங்கப் போயிருப்பார். அக்டோபர் 31 தீபாவளி. மறுநாள் அங்கே பொது விடுமுறை, கடைகள் கிடையாது. அறையில் தனியாக ரவா கேசரி கிண்டிச் சாப்பிட்டார். ஸ்டுட்கார்ட்டில் ஈழத்தமிழர் கடை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துப் போய்க் கறிவேப்பிலை வாங்கியவர், விலையைப் பார்த்து முருங்கைக்காயைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

நாட்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எழும், நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். மேகம் மூடிய நாட்களில் அந்தக் கொஞ்ச நேரமும் சாம்பல் நிறம்தான்.

இதற்கு நடுவே ஒரு செமினார் பாடம். ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, இருபது நிமிடம் பேச வேண்டும். ஆறு கிரெடிட். நான்கு வாரம் வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பாதி புரியவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்று தயக்கம். நம் ஊரில் ஒரு நாள் முகம் வாடியிருந்தால் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்பாள், கேன்டீன் அண்ணன் கேட்பார், பஸ்ஸில் தெரியாத அத்தைகூடக் கேட்பார். அங்கே யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தன்மேல் அக்கறை இல்லை என்று முடிவு கட்டினார். செமினாரை விட்டுவிடலாமா என்ற யோசனை வந்த இரவில் நோட்டை எடுத்துப் பார்த்தார். 20-ல் ஆறு போனால் 14. பவுனும் 14. அன்றிரவு தூக்கம் இல்லை.

நவம்பர் மூன்றாவது வாரம் முதல் பனி விழுந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கும் பனி. எட்டு மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தபோது கீழே வீட்டுக்காரம்மா மண்வெட்டியோடு நின்றிருந்தார். நடைபாதைப் பனியை வாரி முடித்துவிட்டார். கதவைத் திறந்தால் கேர்வோஹெ பலகை தன் கதவில். ஜெர்மனியில் வீட்டு வாசல் நடைபாதையில் பனி இருந்து யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு வீட்டாருக்குத்தான். அதனால் பெரும்பாலான ஊர்களில் வேலை நாட்களில் காலை ஏழு மணிக்குள் வாரிவிட வேண்டும். இது அவருக்குத் தெரியாது.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். "பனி விழுந்தா என்ன செய்யணும்னு நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அந்த அம்மா மூச்சு வாங்கியபடி சொன்னது இதுதான்: "நீ கேட்பேன்னு நான் நினைச்சேன்."

கோபம் இல்லை. சமையலறையில் உட்காரவைத்து, உப்பு எங்கே இருக்கிறது, மண்வெட்டி எங்கே, எவ்வளவு அகலத்துக்கு வார வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மூன்று வாரமாக உன் அறையில் விளக்கு இரவு இரண்டு மணி வரை எரிகிறது. ஏதோ கஷ்டம் என்று தெரியும். ஆனால் கேட்காமல் உள்ளே நுழைவது மரியாதை இல்லையே?

நம் ஊரில் கேட்பதுதான் அக்கறை. அந்த அம்மாவுக்குக் கேட்காமல் இருப்பது மரியாதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நான்கு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

அதே வாரம் பேராசிரியரைப் போய்ப் பார்த்தார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் வந்து பேசுவதற்கென்றே ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவார்கள். முதல் வாரத்திலிருந்தே அந்த நேரம் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" பிறகு செமினார் தேதியை ஜனவரிக்கு மாற்றினார். முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவரைத் துணைக்கு உட்கார வைத்தார். மொத்தம் பத்து நிமிடம்.

கோட்டைச் சமையலறையில் ஒரு கண்டுபிடிப்பு

அதன் பிறகுதான் அவர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். முதலில் போனது குன்றின் மேலிருக்கும் கோட்டைக்கு. அங்கே பழைய சமையலறையில் 19-ம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இயங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து படிக்க வந்த ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர், அறுவைச் சிகிச்சை மருத்துவமனை தூக்கிப்போட்ட சீழ் படிந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து, அந்த வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஆண்டு 1869. அவருக்கு வயது 24. 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் டி.என்.ஏ என்று சொல்வது அதைத்தான்.

மீஷருக்குக் காது சரியாகக் கேட்காது. நோயாளிகளோடு பேசிச் சிகிச்சை அளிப்பது சிரமம் என்பதால் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். டியூபிங்கனில் இருந்தது ஒன்றரை வருடம்போல. பயோடெக்னாலஜி மாணவிக்கு அந்தச் சமையலறை கோயில்மாதிரி. "குடும்பத்துல எல்லாருக்கும் வீடியோ கால்ல காட்டினேன். 'இவ்வளவு சின்ன அடுப்படியா?'ன்னு அம்மா கேட்டாங்க" என்கிறார்.

கீழே ஆற்றங்கரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோபுர வீடு. கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த இடம். மனநிலை பாதிக்கப்பட்ட அவர் மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்க மாட்டார் என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். அவர் நாவலைப் படித்திருந்த ஒரு தச்சர், ஏர்ன்ஸ்ட் ட்ஸிம்மர், 1807-ல் தன் வீட்டுக்கு அழைத்துவந்தார். தச்சர் காலமான பிறகு மகள் பார்த்துக்கொண்டார். 1843-ல் இறக்கும் வரை 36 வருடம் கவிஞர் அங்கேதான் இருந்தார்.

நெல்லைக்கு வந்த டியூபிங்கன் மாணவர்

பெரிய தேவாலயத்தின் அருகில் ஹெக்கன்ஹவர் என்ற பழைய புத்தகக் கடை இருக்கிறது. 'சித்தார்த்தா' எழுதி, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஹெர்மன் ஹெஸ்ஸே 1895 முதல் 1899 வரை இங்கே வேலை பார்த்தார். அவருடைய அம்மா பிறந்தது கேரளத்தின் தலசேரியில். தாத்தா ஹெர்மன் குண்டர்ட், மலையாளத்துக்கு 1872-ல் பெரிய அகராதி தந்தவர்.

குண்டர்ட் படித்தது இதே டியூபிங்கனில். பட்டம் வாங்கிய கையோடு 1836-ல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர், தலசேரிக்குப் போவதற்கு முன் தமிழ் கற்று, சில காலம் இருந்த ஊர் திருநெல்வேலி! அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் இன்று டியூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2018 முதல் இணையத்திலும் பார்க்கலாம்.

இதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நம்ப முடியவில்லை. உன் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வந்தாய் என்று கேட்டார். ஒரே நாள். குண்டர்ட் காலத்தில் கடல் வழியில் மாதக்கணக்கு. "அப்போ அவரும் எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பார்!" என்றாராம் அந்த அம்மா.

'ஒண்ணு புள்ளி ஏழா?'

ஜனவரியில் செமினார் நடந்தது. இருபது நிமிடம் பேசினார். இரண்டு இடத்தில் தடுமாறினார். முடிந்ததும் மேஜைகள் தட்டப்பட்டன. இந்த முறை பயம் இல்லை.

மதிப்பெண் 1.7 வந்தது. வீட்டுக்குப் போன் போட்டதும் ஒரு பெரிய மௌனம். பிறகு அம்மாவின் குரல், "ஒண்ணு புள்ளி ஏழா? நூத்துக்கா?" ஜெர்மனியில் 1.0 முதல் இடம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில் என்று விளக்கி முடிப்பதற்குள் அப்பா கடையில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். எல்லாப் பாடத்திலும் இப்படி இல்லை. ஒன்றில் 3.3-ல் தப்பித்தார். 20 கிரெடிட்டும் வந்துவிட்டது.

எவர்சில்வர் டம்ளரும் சொந்தச் சமையலும் சேர்ந்து மாதம் 250 யூரோ வரை மிச்சம் பிடிக்க முடிந்தது. மார்ச்சில் ஊர் திரும்பியதும் அந்தப் பணத்தில் முதலில் மீட்டது அம்மாவின் மூன்று பவுன் வளையல்களை. மீதி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வேலை கிடைத்ததும் முதல் சம்பளம் அதற்குத்தான் என்கிறார்.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க நினைக்கும் ஜூனியர்கள் இப்போது அவரைத் தேடி வருகிறார்கள். அவர் சொல்வது இவ்வளவுதான். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் இங்கே செல்லும் என்பதைக் கிளம்பும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பாடம் மாறினால் உடனே மறுபடி எழுதி வாங்குங்கள். அறை தேடுவதை விசா வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். புரியாததை முதல் வாரமே கேளுங்கள். ஐந்தாவது வாரத்தில் கேட்டால் அதே பதில்தான் கிடைக்கும், நடுவில் நான்கு வாரத் தூக்கம் போயிருக்கும்.

ஒரே ஒரு வருத்தம் அவருக்கு உண்டு. நெக்காரில் நீண்ட மரப்படகுகளைக் கழியால் ஊன்றித் தள்ளிப்போவது டியூபிங்கனின் அடையாளம். கோடையில் மாணவர்களுக்குப் படகுப் போட்டி நடக்கும். தோற்கும் அணி ஆளுக்கு அரை லிட்டர் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும்! குளிர்கால செமஸ்டர் போனவர் அதைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

போட்டி நாளன்று வீட்டுக்காரம்மா போனில் ஒரு வீடியோ அனுப்பினார். அதன் கீழே ஒரு கேள்வியும் இருந்தது. பிப்ரவரியில் அவருக்குச் சளி பிடித்தபோது மாணவி வைத்துக்கொடுத்தாரே, தக்காளி ரசம். அதற்கு மிளகு எத்தனை ஸ்பூன் போட வேண்டும்?